சாக்ஸ் போட்ட பாட்டில்

என் சமையலறை ஜன்னல் திட்டில் ஒன்றரை மாதமாக ஒரு பாட்டில் நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கழுத்தை வெட்டியெடுத்து, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, தேங்காய் நார்த்தூளையும் மணலையும் கலந்து நிரப்பி, நடுவில் ஒரு சீமை அத்திக் குச்சியைச் செருகி வைத்திருக்கிறேன். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. பாட்டில் சாக்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறது, அதுதான் விசேஷம். என் வீட்டுக்காரரின் பழைய கறுப்பு சாக்ஸ், குதிகாலில் சின்னக் கிழிசலோடு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல், "அதுக்கு குளிருதா?" என்று கேட்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். விளக்கம் சொல்வதென்றால் மாமாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் அவர்கள் கையிலிருக்கும் காபி ஆறிவிடும். இங்கே யாருக்கும் காபி ஆறப்போவதில்லை என்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து, நான் கைக்குழந்தையாக இருந்தபோது நெய்வேலிக்கு வந்தவர். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. மாமாவுக்குக் காண்ட்ராக்ட் வேலை. கல்யாணமாகி மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பார்த்துப் போகிறவரை எங்கள் முன்னறையில்தான் படுத்துக்கொண்டார். முதலில் தோட்ட வேலைக்குப் போனார். பங்களாக்களில் புல் வெட்டுவது, கிளை கழிப்பது, சருகு அள்ளுவது. அப்படி ஒரு பங்களாவில் கழித்துப்போட்ட சீமை அத்திக் கிளைகளிலிருந்து ஒரு குச்சியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் ஊன்றினார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. பிறகு அவர் சுரங்கத்துக்குள், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாருகிற வேலைக்கு மாறிப்போனார். குச்சி அங்கேயே நின்று மரமாயிற்று. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் மாவும் பலாவும் முருங்கையும் இருக்க, எங்கள் வீட்டில் மட்டும் அத்தி. காய்க்கிற நாளில் பெரும்பங்கு அணில்களுக்குப் போகும். மிச்சத்தில் நல்லதாக நாலைப் பொறுக்கி, தன் தம்பிக்கு என்று அம்மா எடுத்து வைத்துவிடுவாள். எங்களுக்கு வாசனைதான்.

நெய்வேலியில் ஒருவரைப் பற்றி விசாரித்தால் பேருக்கு அடுத்த கேள்வி, பர்மனென்டா காண்ட்ராக்டா என்பதுதான். பெண் கொடுக்கிறவர்கள் கேட்பார்கள், வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்பார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் நிற்கிறவர்கூடக் கேட்பார். மாமா இந்த இரண்டு சொல்லையும் தூக்கிச் செடிகளுக்கு வைத்துவிட்டார். நட்ட குச்சி துளிர்த்தால் அது காண்ட்ராக்ட். வேர் பிடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பர்மனென்ட். அத்திக் குச்சியிடம் ஒரு குணம் உண்டு. உள்ளே மிச்சமிருக்கும் சத்தைச் செலவழித்து முதலில் இலையை விட்டுவிடும். வேர் அப்புறம்தான் வரும், சில சமயம் வராமலே போகும். பச்சைப்பசேல் என்று நாலு இலையோடு நிற்பது ஒரு வாரத்தில் கறுத்துச் சாய்ந்துவிடும். "வேலைக்கு வந்துகினு போயிகினுதான் இருக்குது. இன்னும் ஆர்டர் வரல" என்பார் மாமா, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அது சிரிக்கிற விஷயம்தானா என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு ஜாங்கிரி விவகாரம் நடந்தது. காண்ட்ராக்ட் ஆட்களில் கொஞ்சம் பேரைப் பர்மனென்ட் ஆக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்த சமயம். ஒருநாள் காலை பக்கத்து வரிசை அக்கா ஓடிவந்து, "லிஸ்ட் ஒட்டிட்டாங்க, உங்க தம்பி பேரு இருக்குதாம்" என்றார். அம்மா அடுப்பை அணைத்தாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தாள். அரை மணி நேரத்தில் எங்கள் வரிசை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஜாங்கிரி கொடுத்து முடித்துவிட்டாள். மதியம் சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து, முகமெல்லாம் கரியோடு சைக்கிளில் வந்த மாமாவை கேட்டிலேயே நிறுத்தி வாயில் ஒன்றைத் திணித்தாள். விஷயத்தைக் கேட்டபோது மாமாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மென்றுகொண்டே அழுதார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், பேர் அதேதான், இனிஷியல் வேறு. யாரோ இன்னொருவர். யாரையும் குறை சொல்வதற்கில்லை. பேரைப் பார்த்த அவசரத்தில் அதற்கு முன்னால் இருந்த ஓர் எழுத்தை எங்கள் ஆட்கள் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஜாங்கிரி சாப்பிட்ட ஒரு வீட்டில்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிக் கேட்காததுதான் அம்மாவை அதிகம் வதைத்தது. ஒரு மாதம் முன்வாசல் பக்கமே வராமல் பின்சந்து வழியாகக் கடைக்குப் போய் வந்தாள். மாமா ஷிப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். "ஜாங்கிரி நல்லாத்தாங்கா இருந்துச்சு. அதுல ஒரு கொறையும் இல்ல" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் லட்டுதான்.

அப்பா ரிட்டயர் ஆன வருஷம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. குறிஞ்சிப்பாடியில் சின்னதாக ஒரு வீடு கட்டி வைத்திருந்தார். அம்மா பாத்திரம் பண்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, இருபத்து மூன்று வருஷம் புழங்கிய வீட்டைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. "அந்த மரத்த எப்படிடா வுட்டுட்டுப் போறது?" என்றுதான் தம்பியிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். மாமாவுக்கு மந்தாரக்குப்பத்தில் இருந்தது வாடகை வீடு, அதில் மண் என்று ஒரு கையகலம் கிடையாது. வேலையும் காண்ட்ராக்ட். இந்த ஊரில் தன் தம்பி ஊன்றி நிலைத்தது என்று சொல்ல அந்த ஒரு மரம்தான் இருந்தது. அதையும் யாரோ அடுத்து வருகிறவர்களிடம் விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்தப் பருமனுக்கு மரத்தைப் பெயர்த்து எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. மார்கழியில் கிளை கழித்து, குச்சி வைத்து, வேர் பிடித்த கன்றை எடுத்துக்கொண்டு, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது என்று அக்காளும் தம்பியும் முடிவு செய்தார்கள். வைகாசிக்குள் காலி செய்ய வேண்டும்.

எதில் வைப்பது என்பதில்தான் முதல் சண்டை. அம்மா பெரிய சிமென்ட் தொட்டி ஒன்றை வரவழைத்துவிட்டாள், ஒரேயடியாக அதிலேயே வளரட்டும் என்று. "இம்மாம் பெரிய தொட்டியில வச்சா, தண்ணி ஊத்தனது காயவே காயாதுக்கா. வேரே இல்லாத குச்சி எத்தினி தண்ணியதான் குடிக்கும்? அழுவிப்பூடும்" என்றார் மாமா. நெய்வேலியில் அன்றைக்கெல்லாம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும். அதனால் பின் வராண்டாவில் நாலு நாள் பாத்திரப் பரிசோதனை நடந்தது. பால் கவர் வேண்டாம், தூக்கும்போது குழைந்து புது வேரை அறுத்துவிடும். ஐஸ்கிரீம் டப்பா உயரம் பற்றாது, அத்திக் குச்சிக்கு மூன்று கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணாடி, ஓட்டை போட முடியாது. பெயின்ட் டப்பாவில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் மாமா அழுத்திச் சொன்னார். "இலைய வச்சி முடிவு பண்ணக் கூடாது. வேரப் பாக்கணும். புடுங்கிப் பாத்தா செத்துப்பூடும். புடுங்காம பாக்கறமாரி ஒண்ணு வேணும்." அப்படி வந்து சேர்ந்தவைதான் தண்ணீர் பாட்டில்கள். ஸ்குரூடிரைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டார். வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். வெட்டிய குச்சிகளில் வடிந்த பாலை ஒரு நாள் நிழலில் காயவிட்டு, பாட்டிலுக்கு ஒன்றாக எட்டுக் குச்சி வைத்தார்.

வெளிச்சம் பட்டால் வேருக்குப் பிடிக்காது. பாட்டிலோ கண்ணாடி மாதிரி. கறுப்புக் கவரைச் சுற்றினால் உள்ளே வேர்த்து வழிந்தது. அப்போதுதான் மாமா தன் சேஃப்டி ஷூவுக்குப் போட்டுக் கழித்த சாக்ஸ்களைக் கொண்டுவந்து பாட்டில்களுக்கு மாட்டினார். அளவெடுத்து தைத்ததுபோல் சரியாக இருந்தது. எத்தனை முறை துவைத்தாலும் சுரங்கத்துக் கரி போகாத சாக்ஸ்கள். சிலதில் கட்டைவிரல் ஓட்டை. தினமும் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்புவார். காபி குடிப்பதற்கு முன்னால், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் முட்டிக் காயத்தைப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு சாக்ஸாக இறக்கி, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே இழுத்துவிடுவார். "என்னாடா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்பாள். "காண்ட்ராக்ட்தாங்கா" என்பார். மாசி பிறப்பதற்குள் எட்டும் இலை விட்டுவிட்டன. அதற்குப் பிறகும் தினம் அதே பதில்தான்.

அந்த மாசியில்தான் கடலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமா அந்த வாரம் அத்தையின் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். கை கழுவப் பின்பக்கம் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படப்போவது, ஓட்டை சாக்ஸ் மாட்டிய பாட்டில் வரிசை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் வீட்டில் ஒருவர் கரி வாருகிற காண்ட்ராக்ட் ஆள் என்பதை அந்த சாக்ஸ்கள் உரக்கச் சொல்வதாக எனக்குத் தோன்றியது. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். மந்தாரக்குப்பம் போய் ஒரே மாதிரியான ஏழு பூந்தொட்டிகள் வாங்கி வந்தேன். அம்மா பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பாட்டில்களைக் கத்தரித்துப் பிரித்தேன். வேர் பிடித்திருந்தால் மண் கட்டியாக வந்திருக்கும். பொலபொலவென்று உதிர்ந்தது. குச்சியின் அடியில் மூக்குத்திக் கல் அளவுக்கு வெள்ளை வெள்ளையாக நாலைந்து வேர்முளைப் புள்ளிகள் மட்டும் இருந்தன. என் விரல் பட்டதும் அவையும் உதிர்ந்தன. அதை நான் பார்க்காமல் செய்யவில்லை, பார்த்தேன். இவ்வளவு இலை இருக்கிறதே, பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏழையும் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அம்மா எட்டிப் பார்த்து, "அட, அழகா இருக்கேடி!" என்று சந்தோஷப்பட்டாள். எட்டாவது பாட்டில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால், கூடுதல் நிழலில் மாமா தனியாக வைத்திருந்தது. அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

வந்தவர்கள் தொட்டிகளைப் பாராட்டினார்கள். சம்பந்தமும் கூடிவிட்டது. நாலாம் நாள் முதல் இலை தொங்கியது. மாமா திரும்பி வருவதற்குள் ஏழும் கறுத்துவிட்டன. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகப் பின்பக்கம் போனார். ஒவ்வொரு குச்சியாக உருவி, அடியைப் பார்த்து, மறுபடியும் அதே குழியில் வைத்தார். செத்ததை எதற்குத் திரும்ப வைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. திட்டினால் பரவாயில்லை என்று நான் நின்றேன். மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, "இலையப் பாத்து ஏமாந்துட்டியா? வுடும்மா. நாம அன்னிக்கு ஜாங்கிரி குடுக்கலையா?" என்றார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் அந்தப் பேச்சை எடுத்தது, நினைவு தெரிந்து அதுதான் இரண்டாவது முறை. இத்தனை வருஷமும் அந்த ஜாங்கிரி அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. காண்ட்ராக்ட், பர்மனென்ட் என்று அவர் சொன்னபோதெல்லாம் நான் சிரித்த சிரிப்பும் சேர்ந்து உறைத்தது.

மரத்தில் அதற்குள் காய் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, வெயிலும் ஏறிவிட்டது. இனிக் குச்சி வெட்டி வைத்தாலும் வராது என்றார் மாமா. மிஞ்சியது கல்லுக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு பாட்டில். இருந்த சாக்ஸ்களிலேயே அதுதான் படு மோசம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாருடைய மூச்சும் அந்த ஒரு பாட்டிலில்தான் இருந்தது. அப்பாகூடச் சாமான் கட்டுகிற வேலைக்கு நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அம்மா தண்ணீர்ச் சொம்பைத் தொடுவதற்கே பயந்தாள். கல்யாணப் பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது, எனக்கோ அதில் மனம் செல்லவில்லை. அதுவும் போய்விட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பதே என் கவலை. பங்குனி போய்ச் சித்திரையும் பாதி போனது. தினமும் சாக்ஸ் இறங்கும், ஏறும், "காண்ட்ராக்ட்தாங்கா" என்ற பதில் வரும். ஒருநாள் சாக்ஸ் இறங்கிய பிறகு பதில் வரவில்லை. "என்னாடா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். பிறகு ஈரக் கையோடு ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன். பாட்டிலின் உட்சுவரை ஒட்டி, வெள்ளை வெளேரென்று, நூல் நூலாக வேர்கள் மேலிருந்து கீழே இறங்கியிருந்தன. மாமா பாட்டிலை அம்மாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"பர்மனென்டாடா?"

"பர்மனென்ட்டுக்கா. நம்ம பொறந்த வூட்டுக்கு இதான் மொத பர்மனென்ட்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவால் சிரிக்க முடியவில்லை. "இன்னாக்கா, ஜாங்கிரி கெடையாதா?" என்று அவர் சீண்ட, "போடா" என்று அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அதே கையால் அவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜாங்கிரி வாங்கவில்லை. சாவி கொடுத்த அன்று சாமான்கள் எல்லாம் டெம்போவில் போயின. பாட்டிலை மட்டும் அம்மா மடியில் வைத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கு பஸ்ஸில் போனாள். கண்டக்டர் பாட்டிலையும் சாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தாராம். அம்மா சட்டை செய்யவில்லையாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர் கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் சொன்னார்: அன்றைக்குக் கை கழுவப் போனபோது துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஒரு பாட்டில் நின்றதாம். அதற்கு சாக்ஸ் போட்டுவிடுகிற ஆட்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்தாராம். ஏழு பூந்தொட்டி அவர் கண்ணில் படவே இல்லை. என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்.

அவருக்கும் நெய்வேலியிலேயே வேலை என்பதால் நான் மறுபடியும் டவுன்ஷிப்புக்கே, வேறொரு பிளாக்குக்கு வந்து சேர்ந்தேன். குறிஞ்சிப்பாடியில் அத்தி கூரை உயரம் வளர்ந்தது. மாமா கடைசிவரை காண்ட்ராக்ட்தான். வயது முடிந்ததும் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் வீடு வந்தார். பிறகு இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷமும் மாதத்துக்கொருமுறை குறிஞ்சிப்பாடி பஸ் ஏறிப் போய் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வருவாராம். போன மழைக்காலத்துக் காற்றில் அந்த மரம் அடியோடு சாய்ந்தது. போனில் அம்மா அழவில்லை. "எனக்கு இப்ப கண்ணு சரியா தெரியலடி. நீ வந்து குச்சி வெட்டிகினு போ" என்று மட்டும் சொன்னாள். ஆறு குச்சி வெட்டிவந்தேன். வீட்டில் இருந்த நல்ல தொட்டிகள் எதையும் தொடாமல், ஆறு பாட்டில் தேடி எடுத்தேன். ஸ்குரூடிரைவரைக் காய்ச்சினேன். ஐந்து அழுகிவிட்டன. மிச்சம் இந்த ஜன்னலில் நிற்பது. இலை விட்டு மூன்று வாரமாகிறது. வீட்டுக்காரர் தினமும் ஷூ மாட்டும்போது, "ஆயிடுச்சா?" என்று கேட்பார். "இன்னும் காண்ட்ராக்ட்தான்" என்பேன். எழுதிக்கொண்டே வந்தவள் இந்த இடத்தில் எழுந்துபோய் சாக்ஸை இறக்கிப் பார்த்தேன். பாட்டிலைத் திருப்பினேன். ஜன்னல் பக்கமாக இல்லை, சுவர்ப் பக்கமாக, இரண்டு வெள்ளை நூல்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். வேர் வந்துவிட்டது என்றேன்.

"இலையப் பாத்தியா, வேரப் பாத்தியா?"

"வேரத்தாம்மா பாத்தேன்."

"கண்ணால பாத்தியா?"

"கண்ணாலதான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப ஜாங்கிரி வாங்கிகினு வா. உங்க மாமன் படத்துக்கு வைக்கணும்."

சாக்ஸை மேலே இழுத்துவிட்டுவிட்டு மந்தாரக்குப்பம் கடைக்குக் கிளம்புகிறேன்.